வீரம்மா வீட்டுச் சன்னல் கிளிகள்

"எங்க வீட்டுக் கண்ணாடிய எடுத்து ஒங்க கோழிக்கூட்டுல மாட்டியிருக்கீங்க! இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்!"

"கோழிக்கு எதுக்கு வீரம்மா கண்ணாடி? பவுடர் பூசவா?"

கத்தியது வீரம்மா. பதில் சொன்னது பக்கத்து வீட்டு மாயாண்டி.

நான் ஒட்டுக் கேட்கவில்லை. எதிர் லயத்தில், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதே அரிசியை மூன்றாவது தடவையாகப் பொறுக்கினேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். வீட்டுக்கு ஒரு சன்னல். சன்னலுக்கு ஒரு கண்ணாடி. வீரம்மா வீட்டுச் சன்னல் சட்டம் உளுத்துப் போனதால், அவள் புருஷன் செல்லசாமி போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைக் கழற்றி வீட்டின் பின்சுவரில் சாய்த்து வைத்தான். சன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டான். வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து புதுச் சட்டம் அடித்துவிட்டு, கண்ணாடியை எடுக்கப் போனால் காணோம்!

ஹட்டன் பக்கத்து ஆடி மாதக் காற்றுக்குச் சாக்கு எந்த மூலைக்கு? வீட்டுக்குள் பிறந்து இருபத்தெட்டு நாளே ஆன குழந்தை. அது இருமுவது என் வாசல் வரை கேட்டது.

மாயாண்டி தன் கோழிக்கூட்டைத் திறந்து காட்டினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த கூடு. ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு.

"இந்தா இருக்கு!" என்றாள் வீரம்மா.

"இது தேயிலை பெக்டரியில வீசின துண்டும்மா. உங்க கண்ணாடி எவ்வளவு பெருசு!"

"மீதிய ஒடச்சிருப்பீங்க!"

அப்போதுதான் செல்லசாமி வாயைத் திறந்தான். "நாளைக்குக் காலையில பெரட்டுல கண்டாக்கு அய்யாகிட்ட சொல்லிடுறேன்."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம்தான் பெரட்டு; அங்கே வேலையை மேற்பார்ப்பவர் கண்டாக்கு. சன்னல் கண்ணாடி தோட்டத்துச் சொத்து. தோட்டத்துச் சொத்தைத் திருடினான் என்று ஒருவனைச் சொன்னால் அவன் பேரை வெட்டுவார்கள். பேர் வெட்டினால் வேலையும் வீடும் போகும்.

மாயாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "நான் எடுக்கலப்பா. நாலு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அதே லயத்துக் கடைசி வீட்டு நாகலெட்சுமி தண்ணீர் வாளியோடு அங்கேதான் நின்றாள். பதினொரு வயது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். இவள் கண்ணாடித் துண்டு சேர்ப்பாள். ஆற்று மணலும் தண்ணீரும் வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கண்ணாடியைப் பனிபோல் வெள்ளையாக்குவாள். பூ, கிளி இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவாள். உடைந்த அரத்தின் நுனியால் இறகு கீறுவாள். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை அந்த அளவுக்கு வெட்டிப் பின்னால் ஒட்டினால், தேய்க்காத இடம் மட்டும் வெள்ளியாய் மின்னும்.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் காய்ச்சும் தோல் பசையான வச்சிரம். அவள் அதைக் காய்ச்சும் நாளில், "யார் வீட்டுல எலி செத்துக் கிடக்கு?" என்று பத்து வீடும் தேடும்.

செய்ததையெல்லாம் பரிசாகக் கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்றாலும் கொடுப்பாள். எனக்கும் ஒரு படச்சட்டம் கொடுத்தாள். மழைக்காலத்து ஈரத்தில் வச்சிரம் இளகி, அது நாலு துண்டாகப் பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. அவளிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. மற்ற வீடுகளில்தான் சொன்னேன்.

சரி, அவள் ஏன் ஓடினாள்? எனக்கு மனசு கேட்கவில்லை. தீப்பெட்டி வாங்கப் போவதுபோல் பின்னாலேயே போனேன்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து, சாக்கில் சுற்றிய எதையோ இழுத்து மடியில் வைத்திருந்தாள்.

"ராசம்மா அத்தை, தேச்ச கண்ணாடிய மறுபடி தெளிய வைக்க முடியுமா?"

"முடியாது புள்ள. ஏன்?"

"சும்மாதான்."

சாக்கை விலக்கினேன். ஒரு முழுச் சன்னல் கண்ணாடி! முழுதும் பனி வெள்ளை. நடுவில் இரண்டு வெள்ளிக் கிளிகள்.

"அடிப்பாவி!"

"பின்சுவருல, பெக்டரியிலேருந்து எல்லாரும் பொறுக்கிட்டு வந்து போட்ட கண்ணாடிங்களோட சாஞ்சி கெடந்துச்சு, அத்தை. அதுவும் குப்பைன்னு நெனச்சி எடுத்தேன். ஆறு நாளா தேச்சேன்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொன்னா என்னைத் திருடின்னு சொல்வாங்க. அப்பாவுக்கும் பேர் வெட்டுவாங்களோ என்னமோ. சொல்லாட்டி மாயாண்டி மாமா..."

வெளியே மாயாண்டியின் இளைய மகன் அழும் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நானா? சேச்சே!"

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். உடனே எழுந்தாள். "நானே போய் சொல்லிடுறேன். நீங்க சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வாய், பாருங்கள்!

கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகியது.

"செல்லசாமி மாமா, மாயாண்டி மாமா எடுக்கல. நான்தான் எடுத்தேன். குப்பைன்னு நெனச்சிட்டேன்."

வீரம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ! கெடுத்து வச்சிருக்காளே! அந்தப் பக்கம் ஒன்னுமே தெரியலியே! ஒனக்கு எதுக்குடி இது?"

"எனக்கு இல்ல, அத்தை. ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பேர் வைக்கிறீங்கல்ல? அதுக்குக் குடுக்கத்தான் செஞ்சேன்."

மாயாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவங்க வீட்டுக் கண்ணாடிய எடுத்து அவங்களுக்கே பரிசா!"

வீரம்மா சிரிக்கவில்லை. செல்லசாமியும் சிரிக்கவில்லை. உள்ளே குழந்தை மறுபடியும் இருமியது.

"மாமா, என்னை அப்புறமா ஏசுங்க," என்றாள் அவள் மெல்ல. "மொதல்ல இத மாட்டுங்க. அந்தப் பக்கம் தெரியாட்டியும் காத்து வராதுல்ல?"

செல்லசாமி மனைவியைப் பார்த்தான். "சரி, அந்த வச்சிரத்தக் கொண்டா. ஒட்டிப் பாப்போம்."

"வச்சிரம் வேணாம் மாமா, ஈரத்துக்கு எளகிடும். ராசம்மா அத்தையோட பருப்புச் சட்டியக் கேளுங்க."

பத்து வீடும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரியும்! யார்தான் போய்ச் சொன்னார்களோ.

"ஆணி அடிச்சி நிறுத்துங்க. ஈயத்தாள் ஒட்டின பக்கம் உள்ள இருக்கட்டும். அடுப்புச் சூட்டுல பசை காஞ்சே இருக்கும்."

மாயாண்டி தன் கோழிக்கூட்டிலிருந்து எட்டு ஆணிகளைப் பிடுங்கி நீட்டினார்.

கண்ணாடி சட்டத்தில் உட்கார்ந்தது. காற்று நின்றது. வீரம்மா உள்ளே போய் விளக்கைக் கொளுத்தினாள்.

வெளியே நின்ற செல்லசாமி கத்தினான். "வீரம்மா, நீ எங்க நிக்கிற?"

"சன்னலுக்கு நேராத்தான்!"

"தெரியலியே! வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது!"

வீரம்மா ஓடி வந்து தானும் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவள் சேலை மாற்றுவதென்றால், முதலில் சன்னலில் ஒரு துணியைக் கட்ட வேண்டும். இப்போது குழந்தைக்குப் பால் கொடுப்பதென்றாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். எதிர் லயத்துக் கண்கள் அப்படியாம். இதைச் சொல்லும்போது அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்பது எனக்குப் புரியவில்லை.

"இது இப்படியே இருக்கட்டும்," என்றாள் வீரம்மா.

"கண்டாக்கு அய்யா கேட்டா?"

"தோட்டத்துக் கண்ணாடி தோட்டத்துச் சன்னல்லதான் இருக்குன்னு சொல்லுங்க."

பிறகு மாயாண்டியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தேத்தண்ணி ஊத்துறேன். குடிச்சிட்டுத்தான் போகணும்." வீரம்மா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாகலெட்சுமிக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் அவள் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

மறுநாள் அந்த வழியாகப் போனபோது, தற்செயலாக என் முகம் அந்தச் சன்னலுக்குக் கிட்டப் போய்விட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக் கிளியில் என் மூக்குதான் தெரிந்தது.

அதோடு விட்டதா? "எனக்கும்", "எங்க வீட்டுக்கும்" என்று எல்லாரும் அவளிடம் கேட்டு நின்றார்கள். அடுத்த தீபாவளிக்குள் வீரம்மாவின் லயத்தில் பத்துச் சன்னலும் வெள்ளை. ஒன்றில் தாமரை, ஒன்றில் அன்னம், மாயாண்டி வீட்டில் சேவல்.

இது நடந்தது ஐம்பத்தாறாம் ஆண்டு. அதன் பிறகு மாயாண்டி கோழிகளோடு கந்தப்பளைக்குப் போய்விட்டார். பொல்பிட்டியவில் மின்சார நிலையம் கட்ட ஆள் எடுத்தபோது செல்லசாமியும் வீரம்மாவும் பிள்ளையோடு அங்கே போனார்கள்.

நாகலெட்சுமிக்குக் கொட்டகலையில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க மூன்று தடவை வந்து போனார்களாம். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கு, அவள் சன்னலில் இருந்த மயில் மட்டும்தான் தெரிந்தது. வெற்றிலை பாக்கு வைத்து என்னை அழைக்க வந்தபோதுதான் கல்யாணம் என்பதே எனக்குத் தெரியும்!