ஐந்து பேருக்குக் குறைந்தால்

மதியம் மூன்று மணிக்கு அந்தத் தளத்தில் கீபோர்டுச் சத்தம் நின்றுபோனது. நாற்பது புரோகிராமர்கள் உட்காரும் கூடம் அது. எந்நேரமும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். கண்ணாடி அறைக்குள் இருந்தவளுக்குத் தன் காதுதான் அடைத்துக்கொண்டதோ என்று முதலில் தோன்றியது. ஆனால் ஏசியின் உறுமல் கேட்டது, ஆறிப்போன காபியின் கசப்பு வாசனை வந்தது, எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டு அடங்கியது. எல்லோரும் திரையைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலையில் எது படுத்துகிறது என்று அவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியவள் அவள்தான். யார் எழுதியது என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என வாக்குக் கொடுத்திருந்தாள். அப்படியும் ஒருவரும் எழுதாததால், அங்கேயே வேலை பார்த்த சொந்தத் தம்பியைப் பிடித்தாள். "மனசுல இருக்கறத எழுதுடா. நான் இருக்கேன்ல?" அவனும் மூன்று வருட வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள்.

ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் பதில்களைக் காட்டக் கூடாது என்பது அவள் போட்ட விதி. டீம், அனுபவம் என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒற்றை ஆள் மாட்டிக்கொள்வானே, அதற்காக. நேற்று மேனேஜர் வந்து, "எனக்கு மட்டும் ஒரு தடவ அந்த விதிய எடுத்துட்டுக் காட்டும்மா, யாருகிட்ட சொல்லப்போறேன்" என்று உயிரை வாங்கினார். தொல்லை தாங்காமல் விதியை நீக்கியவள், திரும்பப் போட மறந்துவிட்டாள். இன்று மதியம் முடிவுகளின் லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

இப்போது பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். டெஸ்டிங் டீம், மூன்று வருட அனுபவம்: ஒருவர். அடியில் தம்பியின் வரிகள். 'டீம் லீடரின் தப்பைத் திருத்தியே என் ஆயுசு போகிறது. மற்றவர்களும் தண்டம். ஒருத்தனுக்கும் வேலை தெரியாது.'

பக்கத்தை மூடப் போனாள். இரண்டு முறை வேறெங்கோ அழுத்தினாள்.

வெளியே நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லாம் ஒரே நேரத்தில்.

தம்பி மட்டும் கையைத் தூக்கியபடி பின்வாங்கினான். "அண்ணே, அது சும்மா ஒரு கோவத்துல..."

முதல் அடி மண்டையில். பலகை பிளப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஈரமான சத்தம். மறுபடியும். மறுபடியும். யாரும் கத்தவில்லை.

"ஐயோ, விடுங்கடா! தப்பு என்னோடது!"

ஓடினாள். மரியாதையாக வழிவிட்டார்கள். சட்டைகளில் சிவப்புத் தெறிப்பு. ரத்த நாற்றம். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. தரையில் தம்பி. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

டீம் லீடர், மானிட்டர் ஸ்டாண்டின் இரும்புத் தண்டை அவள் கையில் வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"எங்க கருத்த நாங்க எல்லாரும் சொல்லியாச்சுக்கா. நீங்கதான் பாக்கி."

கூடமே காத்திருந்தது. தம்பியின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அக்காவின் கை மேலே போவதை அது பார்த்துக்கொண்டிருந்தது.