உடைக்க வேண்டிய படகு

"ஐயோ...!"

ரம்பம் பிடித்திருந்தவன் அலறியடித்துக்கொண்டு பின்னால் விழுந்தான்.

புனே, தாபோடி. 2005 ஆகஸ்ட்.

பாதி அறுபட்ட பழைய மீட்புப் படகு. அதன் ஃபைபர் வயிற்றுக்குள்ளிருந்து...

ஒரு கை!

மாதவ். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த யார்டு சூப்பர்வைசர்.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீநிவாசன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். புனேயிலேயே, கோர்படியில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"உள்ளே பசை டப்பா, ப்ரஷ்... ஓட்டையை அடைக்க இறங்கியிருக்கான். யாரோ மூடியைப் போட்டு, வெளியிலேர்ந்து போல்ட்டை முடுக்கிட்டாங்க!"

நிமிர்ந்து, யார்டு முதலாளி பத்ரிநாத்தை முறைத்தார்.

"அரே பத்ரிநாத்! ஆயுசு முடிஞ்ச படகை உடைச்சு மறுசுழற்சி பண்ணத்தானே உங்களுக்கு கான்ட்ராக்ட்? உடைக்கிற படகுக்கு எதுக்கு ஒட்டு?"

பத்ரிநாத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"அது... பெயிண்ட் அடிச்சு, புதுசுன்னு வித்துடுவோம் சார்..."

"மாதவ் காட்டிக் கொடுத்துடுவான்னு போட்டுத் தள்ளிட்டீங்க!"

"அந்த ஐடியாவே அவனோடது சார்! இன்னிக்குப் பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வந்தாங்க. ஒண்ணே ஒண்ணு அறுத்துக் காட்டலாம்னு நான்தான் சொன்னேன். கொன்னவன் அப்படிச் சொல்வானா?"

நியாயம்தான்!

"அவர் கொல்லலை சார்."

எல்லோரும் திரும்பினார்கள். மாதவின் மனைவி ருக்மிணி. கண்ணில் சொட்டு ஈரம் இல்லை.

"நான்தான்."

"வைனி... என்ன சொல்றீங்க?" 'அண்ணி' என்ற மராத்தி மரியாதையோடு கேட்டார் ஸ்ரீநிவாசன்.

"என் தம்பி கிட்டு ஃபயர் சர்வீஸ்ல இருந்தான். போன மாசம் வெள்ளத்துல ஜனங்களை ஏத்திட்டு வரும்போது, போட் ரெண்டாப் பிளந்துடுச்சு. அவனைத் தூக்கிட்டு வந்து கூடத்துல போட்டிருக்காங்க... இவர் என் காதுகிட்ட வந்து, 'அது நம்ம யார்டு போட், வாயைத் திறக்காதே'ங்கறார்!"

பத்ரிநாத் தரையைப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்தேன். வேற ஆளில்லை. இவர் உள்ளே இறங்கி இன்னொரு ஓட்டையை அடைச்சிட்டிருந்தார். மூடிட்டேன். தட்டினார்... 'ருக்கு, ருக்கு'ன்னார்... கிட்டுவும் யாரையாவது கூப்பிட்டிருப்பான், இல்லே?"

ஸ்ரீநிவாசன் அறுபட்ட படகை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஆனா வைனி... படகு உடைக்கிற யார்டுல, படகுக்குள்ளேயே பிணத்தை விட்டுட்டுப் போனீங்களே. மாட்டிக்குவோம்னு தோணலையா?"

ருக்மிணி கசப்பாகச் சிரித்தாள்.

"இவங்க இதுவரைக்கும் ஒரு போட்டைக்கூட உடைச்சதில்லையே சார்! இன்னிக்குன்னு பார்த்து நேர்மை வந்து தொலைக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"