பின்சீட் மடங்காத பச்சைக் கார்

"என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. கேட்டவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் முட்டிவலிக்காரர்களை எழுப்பி நடக்க வைப்பவள். கேட்கப்பட்டவன் எதிர் சோபாவில் இருந்தான். வந்ததிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவன் அசடு வழிந்தான். "மன்னிச்சுக்கோங்க... மூஞ்சியப் பார்க்கல. கண்ணை மட்டும்தான்..."

"அது இன்னும் மோசம்!"

"ஐயோ, அப்படி இல்லைங்க! நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். கண் டெஸ்ட் பண்றவன். அந்தக் கார் நோட்டீஸை நீங்க கண்ணை இடுக்கி இடுக்கிப் படிக்கிறீங்க... சாயங்காலம் ஆனா தலைவலி வருமே?"

வரும். ஆனால் அதை இவனிடம் ஒப்புக்கொள்வதாவது! "உங்களுக்குக் கழுத்துவலி வருமே?" என்றாள் வெடுக்கென்று. "ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டே உக்காந்திருக்கீங்க."

"வரும்," என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சண்டை பாதியில் நிற்கும்போது சிரித்தால் மானம் போய்விடும் என்று காரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் என்றால் அதுதான் கார்! குட்டி எலெக்ட்ரிக் வண்டி. ஸ்டாண்டர்ட் வேண்டுமென்றால் வெள்ளை மட்டும். ஸ்பெஷல் எடிஷன் என்றால் தளிர்ப் பச்சை, தலைக்கு மேலே முழுக் கண்ணாடிக் கூரை. இரண்டிலும் மோட்டார் ஒன்றுதான், பேட்டரியும் ஒன்றுதான். ஆனாலும் பச்சையைப் பார்த்த கணமே அவள் மனசு பறிபோயிருந்தது.

அக்காவின் சட்டை, அக்காவின் சைக்கிள், அக்கா படித்து முடித்த புத்தகம்... இரண்டாவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு எல்லாமே 'உனக்கு இது போதும்' என்று வந்து சேர்ந்தவை. வாழ்க்கையில் ஒன்றே ஒன்றை அவளே ஆசைப்பட்டு, அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். அது இந்தக் கார். அம்மாவோ காலையிலேயே போனில் தீர்ப்பு சொல்லியிருந்தாள். "வெள்ளையே வாங்குடி. அழுக்கு பளிச்சுன்னு தெரியும். அப்பவாவது கழுவுவே."

"மேடம், ஓட்டிப் பாக்க ஒரு பச்சை வண்டிதான் இருக்கு," என்றாள் விற்பனைப் பெண். "மழை வேற வரப்போகுது. சாரும் நீங்களும் ஒண்ணாவே போயிடலாமா?"

அவள் ஓட்டினாள். பக்கத்தில் விற்பனைப் பெண். பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு அவன். முதல் திருப்பத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கூரையில் துளிகள் விழுந்து, சிதறி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. சிக்னலில் நின்றபோது அண்ணாந்து பார்த்தாள்... நனையாமல் மழைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பார்வையை இறக்கினால், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு கண்கள். கலங்கலே இல்லாத, சாதுவான கண்கள். சட்டென்று ஜன்னல் பக்கம் ஓடிவிட்டன.

*கண் டெஸ்ட் பண்றாராம்... யாரை ஏமாத்தறார்?*

"பின்னாடி என் மடக்குக் கட்டில் வெக்கணும்," என்றாள் விற்பனைப் பெண்ணிடம். ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இவ்ளோ நீளம். நோயாளியைப் படுக்க வெக்கிறது."

"தாராளமா வெக்கலாம் மேடம்!"

பின்னால் அவன் சீட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் வந்தது. "வெக்க முடியாதுங்களே... இந்த சீட் மடங்கல. கீழே ஸ்பீக்கர் பெட்டி இருக்கு. ஸ்டாண்டர்ட்ல மடங்கும். வேலைக்குன்னா உங்களுக்கு அதுதான் நல்லது. இதுல கூடுதலா பெயிண்ட்டும் கூரையும்தானே!"

உனக்கு அதுதான் நல்லது! அம்மா சொன்னது போதாதென்று, முன்பின் தெரியாத கண்ணாடிக் கடைக்காரர் வேறு. சிக்னல் பச்சையானது. அவள் முகம் மட்டும் வாடிப்போனது. பேசாமல் ஓட்டிவந்து, பேசாமல் வெள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் அவளாக இல்லை. "முட்டியப் பிடிம்மான்னா முழங்கையப் பிடிக்கிறியே... மனசு எங்க இருக்கு?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டே விட்டார். மனசு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அந்தப் பச்சை. இன்னொன்று... சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை!

ஒரு நாள் காலையில் துணிந்துவிட்டாள். கட்டில் எப்படிப் போனால் என்ன? வேண்டியது வேண்டியதுதான். ஷோரூமுக்கு போன் போட்டாள்.

"அச்சச்சோ... கடைசிப் பச்சையை அன்னைக்கே புக் பண்ணிட்டாங்களே மேடம். உங்களோட வந்தாரே, கண்ணாடிக் கடை சார்... அவர்தான். அவர் சொன்னது என்னன்னா..."

மீதியைக் கேட்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? அவன் கடை எங்கே என்று மட்டும் கேட்டுப் போனை வைத்தாள். என் மனசைக் கலைத்துவிட்டு இவன் தட்டிக்கொண்டு போயிருக்கிறான்! கண்ணைப் பார்த்தால் பாலே குடிக்காத பூனை மாதிரி... அதையா இத்தனை நாள் நினைத்து நினைத்து...

கொட்டும் மழையில் குடையைக்கூட மறந்து கடைக்குள் நுழைந்தாள். கடையில் வேறு யாருமில்லை. அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"நீங்களா! வாங்க... உக்காருங்க."

இருந்தது ஒரே நாற்காலி, கண் பரிசோதிக்கும் உயரமான நாற்காலி. ஏறி உட்கார்ந்தாள். "உங்களை நான் நல்லவர்னு நெனச்சேன்!"

"திட்டுங்க... கேட்டுக்கறேன். தலைவலி இன்னும் இருக்கா?"

"இருக்கு! உங்களாலதான்!"

அவன் சோதனை ஃபிரேமை எடுத்து அவள் மூக்கில் மாட்டினான். அவ்வளவு கனமான ஃபிரேமை மாட்டிக்கொண்டு யாராலும் கோபமாக இருக்க முடியாது. அவள் முயன்று பார்த்தாள். முடியவில்லை. அவன் ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டான், எடுத்தான், வேறொன்றைப் போட்டான்.

"முதல்ல போட்டதா... இப்ப போட்டதா? எது தெளிவா இருக்கு?"

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்களேன். அன்னைக்குச் சொன்னீங்களே!"

அவன் கை நின்றது.

"இந்த நாற்காலியில உக்கார்றவங்களுக்கு எது நல்லதுன்னு நான் சொல்லவே மாட்டேங்க," என்றான் மெதுவாக. "ரெண்டையும் காட்டுவேன். அவங்கதான் சொல்லணும். அதுதான் என் தொழில். அன்னைக்கு மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல புகுந்துட்டேன். உங்க முகம் வாடினது கண்ணாடியில தெரிஞ்சுது. தினமும் எத்தனையோ கண்ணைப் பாக்கறேன்... அவ்ளோ ஆசையோட ஒரு கண்ணை நான் பார்த்ததில்ல. அந்த வெளிச்சத்தை நானே அணைச்சுட்டேன்."

"அதுக்காக நீங்களே வாங்கிக்கறதா?"

"வாங்கலைங்க. நீங்க கிளம்பினதும் இன்னொருத்தர் வந்து அந்தப் பச்சையைக் கேட்டார். அது போயிட்டா உங்களுக்கு மிச்சம் ஒண்ணுதான்... ஒண்ணுல எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? அதான் என் பேர்ல பிடிச்சு வெச்சேன். நீங்க கேட்டா உங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லியிருக்கேன். உங்க நம்பர் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க."

போனை வைத்த வேகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. காது மடல் சூடானது. இத்தனை வருஷத்தில் அவள் ஆசையை ஒருவரும் இப்படிப் பத்திரப்படுத்தி வைத்ததில்லை.

"பச்சையிலயும் கட்டில் வெக்கலாங்க," என்றான் உற்சாகமாக. "நீங்க கை விரிச்சுக் காட்டின நீளத்துக்கு ஒரு ஏணியை எடுத்துக்கிட்டுப் போய் வெச்சுப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து சீட்டை அப்படியே பின்னால சாய்ச்சுட்டா ஜம்முனு போகுது!"

ஏணியைத் தூக்கிக்கொண்டு கார் ஷோரூமுக்குள் நுழையும் அவனை நினைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண்ணோரம் நனைந்தது. அவன் போட்ட சில்லுகளின் வழியே அவன் முகம், இமைமுடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"அப்ப... பக்கத்துல யாரும் உக்கார முடியாதா?"

"முடியாதுங்க. அது ஒண்ணுதான் குறை."

"வெள்ளையில?"

"பின்சீட் மடங்கிடும். பக்கத்து சீட் காலியாத்தான் இருக்கும்."

அவள் ஃபிரேமைக் கழற்றினாள். வெளியே மழை விட்டபாடில்லை.

"எனக்கு வெள்ளையே போதும்."

அவன் பதறினான். "நான் சொன்னேங்கறதுக்காக வேணாம்ங்க! யாருக்காகவும் வேணாம். நல்லா யோசிச்சு..."

"யோசிச்சுத்தான் சொல்றேன். யாரும் எனக்காகச் சொல்லல, நானே சொல்றேன்." ஃபிரேமை அவன் கையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. "அந்தப் பக்கத்து சீட்ல நீங்க உக்காரணும். தினமும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."