பச்சைப் பட்டை

தடதடதடவென்று ஒரு சத்தம்!

லைப்சிக் நகரின் பழைய நூற்பாலைக் கட்டிடம். பின்படிக்கட்டு. டெட்லெஃப் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வந்து சேர்ந்திருந்தார்... தலைகீழாக.

கம்ப்யூட்டரில் மின்னஞ்சலையும் கோப்புகளையும் பூட்டி அனுப்பும் மென்பொருள் அவருடையது. கூட்டாளி ஆன்ஸ்கர்.

பழைய பதிப்பில் ஏகப்பட்ட பொத்தான்கள். ஜனங்கள் குழம்புகிறார்கள் என்று எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்தவர் ஆன்ஸ்கர். அதை அப்படியே ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கவும் துடித்தார். எறிந்ததில் ஒரு பொத்தானைத் திருப்பி வைக்காமல் விற்க விடமாட்டேன் என்றார் டெட்லெஃப்.

இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கண் திறக்காவிட்டால் விற்பனைக்குத் தடையில்லை.

இன்ஸ்பெக்டர் வீப்கே, டெட்லெஃபின் லேப்டாப்பை ஆன்ஸ்கர் பக்கம் திருப்பிக் காட்டினாள். விழுவதற்குச் சற்று முன், பெயரில்லாத முகவரியிலிருந்து ஒரு பூட்டிய மின்னஞ்சல்.

"உங்க பூட்டுதானே சார்? திறங்க."

"நானே திறந்துட்டா அது பூட்டா மேடம்? டெட்லெஃப் கடவுச்சொல் வேணும். அது அவன் மண்டைக்குள்ள இருக்கு. மண்டையோட நெலமைதான் உங்களுக்கே தெரியுமே..."

துக்கத்திலும் விளம்பரம்! வீப்கே லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள்.

மறுவாரம் திரும்பி வந்தாள். ஆன்ஸ்கர் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"டெட்லெஃப் கண் முழிச்சுட்டார். தள்ளினது யாருன்னு பாக்கலையாம், பின்னாலேர்ந்து தள்ளியிருக்காங்க. வலது கை உடைஞ்சிருக்கு, ஆனா இடது கையாலயே கடவுச்சொல்லைத் தட்டிட்டார். 'முக்கியமான விஷயம், பின்படிக்கட்டுக்குத் தனியா வா.' அவ்வளவுதான் கடிதம்."

ஆன்ஸ்கர் நிதானமாகச் சர்க்கரையைக் கலக்கினார்.

"பேர் இல்லாத கடிதம். யார் வேணா அனுப்பியிருக்கலாம்."

"கடிதத்துக்கு மேல ஒரு பச்சைப் பட்டை இருந்துச்சு. 'அனுப்பியவர் கையெழுத்து சரியானது: ஆன்ஸ்கர் தீலே.'"

கரண்டி நின்றது.

"நான் கையெழுத்தே போடலையே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"நீங்க போடல சார். பூட்டி அனுப்பற பொத்தானை அமுக்கினதும் உங்க மென்பொருளே போட்டுச்சு, உங்களைக் கேக்காமலே. 'கையெழுத்து வேண்டாம்'னு ஒரு பொத்தான் இருந்துச்சாமே, அதைத்தான் டெட்லெஃப் திருப்பிக் கேட்டிருக்கார்."

வீப்கே விலங்கை எடுத்தாள்.

"பச்சைப் பட்டையில உங்க பேரைப் பாத்ததும், 'அப்பாடா, ஒருவழியா தப்பை ஒத்துக்கத்தான் கூப்பிடறான்'னு சந்தோஷமா ஓடினாராம்!"