ஓரம் சுத்தமாகும் வரை

கடையில் தைக்கவோ தேய்க்கவோ ஒரு துணிகூட இல்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்ததும் நர்ஸுக்கு முதலில் உறைத்தது அதுதான். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. ஆபரேஷன் முடிந்து போனவர்கள் திரும்ப வராவிட்டால் வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இந்தத் தையல்காரரின் தம்பிக்கு இடது முன்கையில் கட்டி. எடுத்துவிட்டார்கள், ஆய்வுக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெட்டின ஓரம் சுத்தமாக இல்லை, அங்கே இன்னும் புற்று இருக்கிறது, சுத்தமாகும் வரை இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். செத்தாலும் மறுபடி இங்கே வரமாட்டேன் என்றான். அப்படியே வரவுமில்லை. போன் செய்தால் அண்ணன் எடுப்பார். தம்பி நல்லாத் தேறிட்டு வர்றான், நீங்க எதுக்கு அலையணும் என்பார்.

இப்போதும் மரியாதைக்குக் குறைவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

பட்டப்பகல். வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், திரைக்கு அந்தப் பக்கம், கட்டில் பலகையில் யாரோ குதிகாலால் விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம், ஸ்பிரிட் நெடி, அதற்கும் அடியில், ஈர முடி பொசுங்கினது மாதிரி, கொழுப்பு தீய்ந்தது மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாடை. அது அவளுக்குத் தெரிந்த வாடை. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது வருவது.

அவள் எழுந்தாள். அதற்குள் அவர் வந்துவிட்டார். வெயில் அடிக்கிறது என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டார்.

கையில் தண்ணீர் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இருந்தது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு. திறந்து காட்டினார். உப்புத் தண்ணீரில் வெட்டுத்துணி மாதிரி துண்டு துண்டாக ஏதோ மிதந்தது. ஒன்றில் நகம் இருந்தது.

"ஆய்வுக்கு வேணும்னு எடுத்தீங்களே மேடம். ஒண்ணைக்கூடக் கீழ போடல."

ஓடினாள். ஷட்டரில் கை படும் முன் கொண்டையோடு பிடித்து இழுத்தார். நெற்றி தையல் மிஷினின் விளிம்பில் மோதியது. எலும்பு விரிசல் விட்ட சத்தம். கண்ணில் ரத்தம். வாய்க்குள் ரத்தம். தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே தூக்கி நிறுத்தினார். பிடி மட்டும் தளரவில்லை. இழுத்துக்கொண்டு திரையை விலக்கினார்.

கட்டிலில் தம்பி. வாயில் சுருட்டிய துணி. இடது பக்கம் கை இல்லை. முழங்கையும் இல்லை. தோள்கூட இல்லை. கருகிய சதைக்கு மேல் நூல் பிடித்த மாதிரி தையல், அத்தனை சின்னதாக, அத்தனை ஒழுங்காக. அவள் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டருக்கும் அப்படி வராது.

"எனக்குக் கண்ணு சரியாப் பிடிபடல," என்றார் அண்ணன். "நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஓரம் சுத்தமா இருக்கா?"

பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை அது. ஆனாலும் சொன்னாள்.

"சுத்தமா இருக்கு. சத்தியமா. இனிமே தொடாதீங்க."

அவர் பிடி விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி விசும்பினார். அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. முதுகில் திரை உரசியது.

தம்பி வாயிலிருந்த துணியை எடுத்தான்.

"பொய் சொல்றாங்கண்ணா. இன்னும் வலிக்குது."

அண்ணன் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமாட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அவள் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி தூக்கினாள். பூட்டு.

திரும்பினாள்.

தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். மிச்சமிருந்த கையில் அளவுக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டி. கழுத்துக்குக் கீழே தொடங்கி, நெஞ்சுக்குக் குறுக்கே, பல்லைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தான். இதயம் துடித்த இடத்தில் கோடு நெளிந்துவிட்டது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு, மறுபடி நேராகப் போட்டான்.