ஒன்பதாம் கட்டிலின் பாட்டில்

அந்த மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு அது முதல் நாள். நிலவறை என்பதால் பகலிலும் விளக்கு வேண்டும். சுவரெல்லாம் ஈரம். பினாயில் வாடைக்கு அடியில் ஏதோ புளித்த வாடை.

மதியம் சாப்பிட்டுத் திரும்பியபோது மேஜைமேல் ஒரு சிறுநீர் பாட்டில் இருந்தது. ‘கட்டில் 9, அமைலேஸ்’ என்று சீட்டு. கணையம் கெட்டால் உடம்பில் ஏறும் நொதி அது.

பாட்டில் சுட்டது.

சோதித்தேன். இருக்க வேண்டிய அளவைப் போல் பத்து மடங்கு. வார்டுக்குப் போன் செய்தேன்.

“சிஸ்டர், ஒன்பதாம் கட்டில் யூரின் ரிசல்ட்...”

“யூரினா? ரத்தம் மட்டும்தானே அனுப்பினோம். நார்மல். வாயுன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பறாரு.”

“வலி எத்தனை நாளா?”

“நாலு நாளா.”

நான்கு நாளில் ரத்தத்தில் அந்த நொதி வடிந்துவிடலாம். சிறுநீரில் இன்னும் சில நாள் தங்கும்.

“அனுப்பாதீங்க. நான் வர்றேன்.”

ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு ஓடினேன். லாரி ஓட்டுநர் ஒருவர் சட்டை மாட்டிக்கொண்டு, ஒன்பதாம் கட்டில் ஓரத்தில் வலியில் வில்லாய் வளைந்து உட்கார்ந்திருந்தார். மனைவி பையைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் முகம் சுளித்தாலும் சிறுநீர்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் பார்த்த மேல்மாடி ஆய்வகத்திலேயே ஓட்டுநரின் சிறுநீரைச் சோதித்தோம். அதிலும் நொதி ஏறியிருந்தது. ஸ்கேனில் கணையம் வீங்கிக் கிடந்தது.

ஓட்டுநரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த அக்காவும் காலையிலேர்ந்து இதையேதான் சொன்னாங்க. போகாதீங்க, போகாதீங்கன்னு.”

“எந்த அக்கா?”

“இங்கதான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.”

சிஸ்டர் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். குரல் கிசுகிசுத்தது.

“போன வருஷம் இது பொம்பளைங்க வார்டு. அந்தக் கட்டில்ல ஒருத்தங்க இருந்தாங்க. ரத்தம் நார்மல்னு அனுப்பிட்டோம். மறுநாளே இறந்து போயிட்டாங்க. யூரினை யாருமே பாக்கல.”

நிலவறைக்கு இறங்கினேன். பூட்டு அப்படியே இருந்தது.

உள்ளே யாரோ முனகினார்கள்.

திறந்தேன். ஒருவரும் இல்லை.

மேஜைமேல் இன்னொரு பாட்டில், ஆவி பறக்க.

சீட்டில் கட்டில் எண் இல்லை. அந்த இடத்தில் என் பெயர், பக்கத்தில் ‘அமைலேஸ்’.