பூட்டிய நுகத்தடி

ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. சோபாவுக்கு மேலே காலையில்தான் நேராக்கி மாட்டிய நுகத்தடி, மதியத்துக்குள் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்துவிட்டது.

ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாத ஊர் என்று தமிழ்வேந்தன் முனகினான். மாலையில் அவன் வீட்டைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

நுகத்தடியின் வேலை எளிது. நடுவில் ஏர் பூட்டுவார்கள். இரு முனையிலும் ஒவ்வொரு மாடு. மாட்டின் கழுத்தைச் சுற்றிப் பூட்டாங்கயிறு. இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் தடி மட்டமாக நிற்கும், ஒன்று மட்டும் இழுத்தால் கோணும். உழுது முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள், பூட்டியபடி வைப்பதில்லை.

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஆரிஃப் இதை விற்ற அன்றே சொன்னார். "கயித்தப் பூட்டி மாட்டாதீங்க சார். பூட்டுனா சோடி கேக்குமுங்க."

"கட்டைய மட்டும் குடுங்க பாய். கதைய நீங்களே வச்சுக்குங்க."

தடியில் செதுக்கிய கிளிகளுக்குக் கீழே கயிறு வளையமாய்த் தொங்கினால் எடுப்பாக இருக்குமென்று, இரு பக்கமும் அவனே முடிச்சிட்டான்.

மாலை நெருங்கையில், வீட்டு வேலை செய்யும் வெங்கடம்மாள் துடைப்பத்தோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்க, எடப்பக்கம் ஒண்ணு வந்து நின்னுபோட்டுதுங்க. வலதுதான் காலி. கயித்த அறுத்துப்போடுங்க."

"அப்படியா? ரெண்டு கிலோ புண்ணாக்கு வாங்கியா."

அவள் செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டாள்.

படிக்காத சனம். ஆனால் சன்னல்கள் அடைத்திருந்த அந்த ஏசி அறையில் ஈர வைக்கோலும் சூடான சாணமும் வேர்த்த தோலும் கலந்த ஒரு வாடை சோபாவின் இடது முனையிலிருந்து மெல்லப் பரவி அவன் தொண்டைவரை வந்து தங்கியது. இடது வளையம் தொய்வில்லாமல் விறைத்து நின்றது. அதன் கீழே மெத்தையில் ஈரம். கோழை.

ஏசி ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டான். கத்தரிக்கோலை எடுத்தான். படத்துக்கு மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

முடிச்சு தடிக்குப் பின்னால் இருந்தது. இடப்பக்கம் போக உடம்பு மறுத்தது. வலப்பக்கமாய் சோபாமேல் ஏறி, குனிந்து, முடிச்சைப் பார்க்கத் தலையை வலது வளையத்துக்குள் விட்டான்.

இடது காதில் மூச்சு.

கயிறு இறுகியது. கத்தரிக்கோல் விழுந்தது.

வாசல் மணி அடித்தது. பத்திரிகைக்காரர்கள். கூப்பிட வாய் திறந்தான். கோழைதான் வழிந்தது.

பக்கத்தில் குளம்பு ஓரடி வைத்தது. அவன் காலும் வைத்தது.

எதிரே டிவியின் கருப்புத் திரையில் நுகத்தடி தெரிந்தது. நூல் பிடித்தாற்போல் மட்டமாக. அதன் கீழே இரண்டு கழுத்துகள்.